நண்பகலில் கேமராவை மூடிவிட வேண்டுமா? செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் ஒரு கார்ப் பயணம்

2024 பிப்ரவரி 11 (வாசகர் கேள்வி)

ஏப்ரல் மூன்றாம் வாரம் அமெரிக்காவில் லாஸ் வேகஸில் கார் எடுத்து, யூட்டா, அரிசோனா மாநிலங்களின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு ஏழு நாள் பயணம். சயான், பிரைஸ், பேஜ், மானுமென்ட் வேலி, ஆர்ச்சஸ், கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு, மறுபடி வேகஸ். நான், மனைவி, எட்டு வயது மகள். விடியலிலும் அந்தியிலும் மட்டும் படம் எடுப்பதாகத் திட்டம். காலை பத்து முதல் மாலை நான்கு வரை கார் ஓட்டுவதற்கு. அந்த வெயிலில் எடுக்கும் படம் எதற்கும் ஆகாது. நிலக்காட்சிக்குத்தானே போகிறோம் என்று, தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் 100-400 மி.மீ. டெலி லென்ஸையும் வீட்டிலேயே வைத்துவிட நினைக்கிறேன். அண்ணன் பார்த்துச் சொல்லவும்.

2024 பிப்ரவரி 11, இரவு

தம்பி, லென்ஸை வீட்டில் வைக்க வேண்டாம். நண்பகலையும் ஒதுக்க வேண்டாம். இரண்டையும் நான் ஒரு காலத்தில் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஐந்திணைக்கும் பொழுது வகுத்தவர்கள் பாலைக்குக் கொடுத்த சிறுபொழுது நண்பகல். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரி அது. அதன் பொருள் எனக்கு விளங்கியது 2019 மே மாதம், அரிசோனாவில் பேஜ் ஊருக்கு அருகே ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தின் இடுக்குக்குள் நின்றபோதுதான். வெளியே மணி பன்னிரண்டு. கண் கூசும் வெயில், வெளுத்துப்போன வானம், படத்துக்கு ஒன்றுமே இல்லாத சமவெளி. உள்ளே இறங்கிப் பத்தடி நடந்ததும் சுவர்கள் உள்ளிருந்தே எரிவதுபோல ஒளிர்ந்தன.

காரணம் எளிது. அந்த நேரத்தில் மட்டும்தான் சூரியன் இடுக்கின் வாய்க்கு நேர்மேலே வருகிறது. வெயில் மேல்சுவரில் பட்டு, எதிர்ச்சுவருக்குத் தெறித்து, அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம் தெறித்து, படிப்படியாகக் கீழே இறங்குகிறது. சிவந்த மணற்பாறை ஒவ்வொரு தெறிப்பிலும் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் அனுப்புகிறது. ஆகவே மேலே மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, அதற்கும் கீழே செம்மண் நிறம். வெயிலின் தெறிப்பு எட்டாத மூலைகளில் வானத்து நீலம் மட்டும் கசிந்து இறங்குவதால் ஊதா. விடியலில் போனால் இவற்றில் எதுவும் கிடைக்காது; சாம்பல் நிறச் சந்து ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

அங்கே ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வானத்தின் ஒரு கீற்றுகூடப் படத்துக்குள் வரக்கூடாது. வந்தால் அது வெள்ளை ஓட்டையாக நிற்கும், சுவரின் நிறமெல்லாம் செத்துவிடும்.

2024 பிப்ரவரி 12

திட்டத்தைப் பற்றி எழுத விட்டுவிட்டேன். ஆர்ச்சஸை வெட்டுங்கள். அதன் மேல் எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கல்வளைவுகள் உள்ள இடம், தனியாக ஐந்து நாள் கேட்கும். உங்கள் வரைபடத்தில் அது ஒரு மூலையில் இருக்கிறது. அதைச் சேர்த்தால் ஏழு நாளில் பாதி ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய்விடும். எட்டு வயதுக் குழந்தை மூன்றாம் நாளே "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கத் தொடங்கிவிடுவாள்.

சயானில் இரண்டு இரவு, பிரைஸில் ஒன்று, பேஜில் இரண்டு, கிராண்ட் கேன்யனில் ஒன்று. மானுமென்ட் வேலிக்குப் போகத்தான் வேண்டுமென்றால் பிரைஸை விடுங்கள். என் முதல் பயணத்தில் ஆறு நாளில் ஒன்பது இடம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்பது பார்வைமேடைகளின் படங்கள்தான் இருந்தன, ஒன்றில்கூட உயிரில்லை.

2024 பிப்ரவரி 14

டெலி லென்ஸ் ஏன் என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். வைட் லென்ஸில் கேன்யன் முழுவதும் அடங்கும், ஆனால் எதுவும் பெரிதாகத் தெரியாது. 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம் உள்ள பள்ளத்தை ஒரு சட்டத்துக்குள் திணித்தால் அது தரையில் விழுந்த கீறல்போல ஆகிவிடுகிறது. நேரில் நிற்கும்போது நம் கண் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஒரு முகடு, அதன் நிழல், அடுத்த முகடு என்று பொறுக்கிப் பொறுக்கித்தான் பார்க்கிறது. 200, 300 மி.மீ. லென்ஸ் செய்வதும் அதைத்தான்.

பிரைஸ் இதற்கு நல்ல பாடம். பெயரில் கேன்யன் இருந்தாலும் அதை ஆறு வெட்டவில்லை. பீடபூமியின் ஓரத்தைப் பனிதான் அரித்தது. உயரம் 2,400 மீட்டருக்கு மேல். வருடத்தில் ஏறத்தாழப் பாதி இரவுகளில் விரிசலுக்குள் நீர் உறைந்து விரிகிறது, பகலில் உருகுகிறது, பாறை பிளக்கிறது. மிஞ்சி நிற்பவைதான் அந்தக் கல்தூண்கள். காலையில் சூரியன் எதிரே இருக்கும்போது மேடையில் நின்று தூண்களின் ஒரே ஒரு கொத்தை மட்டும் டெலியில் பிடித்துப் பாருங்கள். நம் பக்கம் நிழல்தான், ஆனாலும் நமக்கு அருகில் உள்ள தூண் வாங்கிய வெயில், அதற்கு அப்பால் நிற்கும் தூணின் நம்மைப் பார்த்த முகத்தில் தெறித்து அது ஆரஞ்சாக ஒளிரும். ஆன்டிலோப்பில் நண்பகலில் நடக்கும் அதே வேலை இங்கே காலையில் திறந்த வெளியில் நடக்கிறது.

2024 பிப்ரவரி 14, பின்னிரவு

கண்கூசும் தெறிப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் பற்றிக் கேட்டவருக்கு: கட்டாயம் எடுத்துப்போங்கள், எப்போதும் மாட்டி வைத்திருங்கள்.

2024 பிப்ரவரி 20

காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகின் கதையைச் சொல்லாமல் இந்த இழையை மேலே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

2022 அக்டோபர். பேஜிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மார்பிள் கேன்யனில் நவாஹோ பாலம் இருக்கிறது. 1995இல் கட்டிய அந்தப் பாலத்தில் நடந்துபோய், ஆற்றுக்கு 142 மீட்டர் மேலே நின்றுகொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். நல்ல வெளிச்சம், கீழே பச்சையாகக் கொலராடோ ஆறு. பறவை ஒன்றும் இல்லை. எட்டு, ஒன்பது. எதிர்ப்பாலத்தின் இரும்புச் சட்டங்களில் கறுப்பாக ஏதோ இரண்டு இருந்தன, அசையவில்லை. பத்தரை மணிக்குமேல் பாறை சூடேறி, பள்ளத்திலிருந்து வெப்பக்காற்று மேலெழும்பத் தொடங்கியதும் அவற்றில் ஒன்று இறக்கையை விரித்துக் கீழே விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சற்று நேரத்தில் என் காலுக்குக் கீழிருந்து எழும்பி, கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு வந்து, என்னைக் கடந்தது.

ஏறத்தாழ மூன்று மீட்டர் இறக்கை விரிவு. அதைவிட எனக்கு நினைவில் நிற்பது ஒலி. இறக்கை நுனியில் விரல்களைப்போல விரிந்த இறகுகளின் ஊடே காற்று சீறும் ஒலி, பாயைச் சுருட்டும்போது வருமே, அதுபோல. தலையில் இறகில்லை, இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த சுருங்கிய தோல். தோளில் எண் எழுதிய பட்டை. அடியிறக்கையில் வெள்ளை முக்கோணம் உண்டு. நண்பகல் வெயில் மேலிருந்து அடிக்கும்போது அது கறுத்துத்தான் தெரிய வேண்டும். தெரியவில்லை. கீழே இருந்த செம்பாறை வெயிலைத் திருப்பி அனுப்பியதால் அந்த வெள்ளை, தாழம்பூ நிறத்தில் ஒளிர்ந்தது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. விடியலில் எந்தக் கொம்பனும் எடுக்க முடியாத படம். ஏனென்றால் விடியலில் அந்தப் பறவை எழும்புவதே இல்லை.

1982இல் உலகம் முழுவதிலும் இருபத்திரண்டு கலிபோர்னியா காண்டோர்கள்தான் மிஞ்சியிருந்தன. 1987இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1996 டிசம்பரில் இந்தப் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் வெர்மிலியன் பாறைச்சுவர்ப் பகுதியில்தான் அரிசோனாவின் முதல் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். 2019இல் சயானின் பாறைச் சுவரில் பொரித்த குஞ்சு, மீட்புத் திட்டம் தொடங்கியபின் பிறந்த ஆயிரமாவது காண்டோர். இன்று மொத்தம் ஐந்நூறைத் தாண்டிவிட்டன. இருந்தும் 2023 வசந்தத்தில் பறவைக் காய்ச்சல் வந்து அரிசோனா-யூட்டா கூட்டத்தில் மட்டும் இருபத்தொன்று செத்துப்போயின. என்னைக் கடந்துபோன பறவை அவற்றில் ஒன்றா என்று இப்போதும் யோசிக்கிறேன். தோள்பட்டையின் எண் என் படத்தில் தெளிவாக இருக்கிறது. பட்டியலில் தேட எனக்குத் துணிவு வரவில்லை.

2024 பிப்ரவரி 21

நேற்று எழுதியதில் ஒரு பிழை. நான் நின்றது 1995இன் பாலம் இல்லை. அது இப்போது வண்டிகள் போகும் பாலம். நடப்பவர்களுக்கு விட்டிருப்பது பக்கத்தில் உள்ள பழையது, 1929இல் திறந்தது. காண்டோர்கள் உட்கார்ந்திருந்ததுதான் புதுப் பாலத்தின் சட்டங்களில். சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி.

நீலகிரியிலிருந்து எழுதிய இன்னொரு வாசகர், மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகளை நினைவூட்டியிருக்கிறார். நானும் பாலத்தில் நின்றபோது அவற்றைத்தான் நினைத்தேன். நம் பாறுகளும் காண்டோரும் நெருங்கிய உறவு இல்லை. ஆனால் இரண்டையும் கொன்றது இரையில் இருந்த நஞ்சு. நம் பக்கம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்ற வலிநீக்கி ஊசி. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அங்கே வேட்டைக்காரர் விட்டுப்போன மான் குடலில் சிதறிக்கிடக்கும் ஈயக்குண்டுத் துணுக்குகள். அரிசோனாவில் கய்பாப் பகுதி வேட்டைக்காரர்களுக்கு 2005 முதல் ஈயமில்லாத குண்டுகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள், பெரும்பாலோர் விரும்பி வாங்கிக்கொள்கிறார்கள். பாறுகள் வட்டமிடும் பள்ளத்தாக்கு நம் ஊரிலும் இருக்கிறது என்பதை இதைப் படிக்கும் இளையவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை இங்கே பதிகிறேன்.

2024 மார்ச் 3

கடிகாரம் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் நான் ஒரு மாலையை இழந்தேன்.

அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. யூட்டா மாற்றுகிறது. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும், நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலமான நவாஹோ நாடும் மாற்றுகிறது. ஆகவே ஏப்ரலில் சயானிலிருந்து பேஜுக்கு வந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். பேஜிலிருந்து மானுமென்ட் வேலிக்குப் போனால் அது பறிபோகும். செல்பேசியோ எந்தக் கோபுரத்தின் அலை கிடைக்கிறதோ அதன் நேரத்தைக் காட்டும். பேஜில் நின்ற இடத்திலேயே நேரம் மாறும்.

மானுமென்ட் வேலியில் இரண்டு குன்றுகள் கையுறைபோல எதிரெதிரே நிற்கின்றன. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சில நாட்கள் மட்டும், சூரியன் மறையும்போது மேற்குக் கையுறையின் நிழல் கிழக்குக் கையுறையின் மேல் விழும். 2021 செப்டம்பரில் அதற்காகவே போனேன். மறைவு ஏழரை மணி என்று குறித்து வைத்திருந்தேன், அது நவாஹோ நேரம். கையிலிருந்த கடிகாரம் அரிசோனா நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வழியில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி மேடைக்கு வந்தேன். நூறு பேர் முக்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கிழக்குக் குன்றின் உச்சியில் மட்டும் ஒரு விரற்கடை சிவப்பு மிஞ்சியிருந்தது. நான் கேமராவைத் திறப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

2024 மார்ச் 4

ஆன்டிலோப் கேன்யன் நவாஹோ நிலம்தான், ஆனால் அங்கே பயண முன்பதிவு எல்லாம் பேஜ் ஊர் நேரப்படி. மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஐயமிருந்தால் முன்பதிவு செய்த இடத்துக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முக்காலி கிடையாது, தோள்பை கிடையாது. கையில் ஒரு கேமரா, ஒரு லென்ஸ். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து எடுங்கள், சாய்வதற்கு முன் மூச்சை விடுங்கள். மேல் ஆன்டிலோப்பில் தரைமட்ட நடை, ஒளிக்கற்றை விழுவது அங்கேதான். கீழ் ஆன்டிலோப்பில் இரும்பு ஏணிகள் உண்டு. உங்கள் மகளுக்கு ஏணி பிடிக்கும் என்றால் கீழ்தான் நல்லது. நிறமும் அங்கே கூடுதல் என்பது என் கருத்து.

2024 மார்ச் 17

விலங்குகள்.

சயானில் மவுன்ட் கார்மெல் சுரங்கத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் பாறை வரிவரியாக, அலைபோல இருக்கும். 1930இல் பாறைச் சுவருக்குள் ஒரு மைலுக்குமேல் குடைந்து முடித்த சுரங்கம் அது, தாண்டியதும் வேறு உலகம். பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகள் அங்கேதான். வண்டியை ஒதுக்கி நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, இறங்காமல், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சரிவைப் பத்து நிமிடம் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கல் தலையைத் திருப்பும். அதன்பின் சரிவு முழுவதும் ஆடுகளாகிவிடும்.

ஒரு நண்பகலில் நான் பார்த்த கூட்டம் கவிந்த பாறைக்கு அடியில் நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நாலு பெட்டைகள், இரண்டு குட்டிகள். வெளியே வெள்ளைப்பாறையில் வெயில்; அதன் தெறிப்பு உள்ளே போய் ஆடுகளின் தாடையிலும் வயிற்றிலும் தங்கநிறமாகப் படிந்திருந்தது. ஒரு குட்டி தாயின் கழுத்தில் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது. காரின் கதவில் ஒரு மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல் லென்ஸை வைத்து நாற்பது நிமிடம் எடுத்தேன். இறங்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் மேலே ஏறியிருக்கும்.

கிராண்ட் கேன்யனில் எல்க் என்ற பெரிய மான், மற்ற மான், ஆடு, காண்டோர் எல்லாவற்றிலிருந்தும் 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. தென்விளிம்பில் மக்களைக் கடிப்பதில் முன்னணியில் இருப்பது எல்க் இல்லை, பாறை அணில். கையில் பிஸ்கட்டைப் பார்த்தால் மடியில் ஏறும். மகளிடம் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். அண்டங்காக்கை பையின் ஜிப்பைத் திறக்கும். நான் நம்பாமல் இருந்தேன். என் கண்முன்னே ஒருவருடைய பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது.

2024 மார்ச் 18

அந்தக் கவிந்த பாறை எங்கே என்று இருவர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குட்டி போடும் பருவம் நெருங்குகிறது. ஒரு வருடம் முன்பு நான் இன்னோர் இடத்தைச் சொல்லி, அடுத்த தடவை போனபோது அங்கே புதிதாக ஒரு தடம் விழுந்திருந்தது. அது என்னால்தானா என்று தெரியாது, ஆனாலும் நெஞ்சு பதறியது. சுரங்கத்துக்குக் கிழக்கே என்று சொன்னதே போதும்; தேடினால் உங்களுக்கும் கிடைக்கும், தேடிக் கிடைத்தால் அதன் அருமை தெரியும்.

2024 மார்ச் 25

தடம் என்று எழுதியதும் இன்னொன்று. யூட்டாவின் பாறைகளுக்கு இடையே மண் கறுப்பாக, பொரிந்து, சின்னச் சின்னக் கோபுரங்களாக இருக்கும். அழுக்கு மண் என்று மிதிக்கத் தோன்றும். அது உயிருள்ள பொருக்கு. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் நுண்ணிழைகளால் மணலைத் தைத்து வைத்திருக்கிறது. காற்றும் மழையும் மண்ணை வாரிக்கொண்டு போகாமல் இருப்பது அதனால்தான். ஒரு மிதியில் நொறுங்கும், மீண்டு வரப் பத்து வருடங்கள், சில இடங்களில் இன்னும் பல. குனிந்து கிட்டே பார்த்தால் பாசியும் மரப்பாசியும் கலந்து, மேலிருந்து பார்க்கும் ஒரு நகரம்போல இருக்கும். கல்லிலும் வறண்ட ஓடை மணலிலும் மட்டும் காலை வையுங்கள். நல்ல முன்காட்சிக்காக நாலடி உள்ளே போகலாம் என்று தோன்றும். அந்த நாலடியைத்தான் விட வேண்டும்.

2024 ஏப்ரல் 6

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். பிப்ரவரியில் நண்பகலுக்காக வாதாடியபோது கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நின்று எதிர் விளிம்பை எடுப்பதென்றால் நண்பகல் ஆகவே ஆகாது. எதிர் விளிம்பு சராசரியாக 16 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவே உள்ள காற்று கொதிக்கும் வாணலிக்கு மேல் இருப்பதுபோல நெளியும். டெலி லென்ஸில் அது படத்தைக் குழப்பிவிடும். எந்த விலை லென்ஸானாலும் அதற்கு மருந்தில்லை. நிழலும் இல்லாததால் முகடுகளெல்லாம் ஒட்டிக்கொண்டு தட்டையாகத் தெரியும். அங்கே காலையும் மாலையும்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: இரண்டு பாறைகள் எதிரெதிரே நெருங்கி நிற்கும் எந்த இடத்திலும் நண்பகலில் வேலை இருக்கிறது. இடுக்கு, கவிந்த பாறை, குறுகிய ஆற்றுப்பள்ளம். சயானின் நேரோஸ் அப்படிப்பட்டது, ஆற்றுக்குள்ளேயே நடப்பது. ஆனால் ஏப்ரலில் பனி உருகி ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் மூடிவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் போகாதீர்கள். மூடியிருந்தால் அதன் வாசல்வரை போகும் ஆற்றோர நடைபாதை போதும்.

இன்னொரு திருத்தம், போலரைசர். எப்போதும் மாட்டி வைக்கச் சொன்னது தவறு. வைட் லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர்நீலமுமாகத் திட்டுத்திட்டாகிவிடும். இடுக்குக்குள் ஏற்கனவே பஞ்சமாக இருக்கும் வெளிச்சத்தில் முக்கால் பங்கை அது விழுங்கும். ஈரப்பாறை, இலை, ஆற்று நீர், இவற்றுக்கு மட்டும் மாட்டுங்கள்.

வைட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாதீர்கள். நிறமே அந்த இடத்தின் செல்வம். கேமரா அதைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் பூட்டி, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக்கோப்பாக) எடுங்கள். பிறகு கணினியில் ஊதாவை இழுத்து ஏற்றாதீர்கள், அங்கே உள்ளதே போதுமானது.

2024 ஏப்ரல் 9

தூசி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விடுதிக் குளியலறையில் தலைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை வைத்திருப்பார்களே, அதில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடிக்கும்போது கேமராவுக்கு அதைவிட நல்ல தொப்பி இல்லை. இடுக்குக்குள் மேலிருந்து மணல் நூலாக இறங்கிக்கொண்டே இருக்கும், லென்ஸ் மாற்றவே கூடாது. 2019இல் ஒரே ஒரு தடவை மாற்றினேன். அந்த ஜூம் வளையத்தைத் திருப்பினால் இன்றும் கரகரவென்று அரைக்கும் ஒலி வருகிறது.

அந்திக்குப்பின் வேகத்தைக் குறையுங்கள். மான்கள் சாலைக்கு வரும் நேரம் அது.

2024 மே 12

தம்பி பத்திரமாகத் திரும்பிவிட்டார். எனக்கு எழுதியதில் கொஞ்சத்தை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். ஆர்ச்சஸை விட்டுவிட்டார், மானுமென்ட் வேலியையும் விட்டுவிட்டார். நேரோஸ் மூடியிருந்தது. நவாஹோ பாலத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, தொலைவில் ஒரு காண்டோரை மட்டும் பார்த்தார். கறுத்த தலை, ஆகவே ஐந்தாறு வயதுக்குள்ளான இளம்பறவை.

பயணத்தின் சிறந்த படத்தை எடுத்தவர் மகள். பேஜுக்கு அருகே வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, நண்பகலில், சுடுகல்லின்மேல் கழுத்துப்பட்டை ஓணான் ஒன்று இருந்திருக்கிறது. உடல் நீலப்பச்சை, கழுத்தில் இரட்டைக் கறுப்பு வளையம். நம் ஊர் ஓணான் தலையாட்டுவதுபோல இது முன்காலை ஊன்றி எழும்பி எழும்பி உடற்பயிற்சி செய்யும். மகள் தரையோடு தரையாகப் படுத்து, அப்பாவின் 100-400ஐக் கைப்பையின்மேல் வைத்து எடுத்திருக்கிறாள். ஓணானின் தொண்டைக்கு அடியில் கல்லின் வெளிச்சம் ஏறியிருக்கிறது. அந்த லென்ஸ் வீட்டில் இருந்திருக்க வேண்டியது.

2024 ஜூன் 2

ஜூலை கடைசியில் போகலாமா என்று ஒருவர் கேட்கிறார். போகலாம். மேகங்கள் அழகாக இருக்கும், அவற்றின் நிழல் பள்ளத்தில் நகர்வதே தனிக்காட்சி. ஆனால் இடுக்குகளுக்குப் போக வேண்டாம் என்பேன். போவதென்றால், "இன்று வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்ன நொடியில் திரும்பிவிடுங்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் பதினொரு பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, பல மைல் தள்ளி மேலே. தலைக்கு மேல் தெரியும் நீல வானத்தை நம்பக்கூடாத இடம் அது. அந்தச் சுவர்களின் வளைவை நாம் வியந்து வியந்து படமெடுக்கிறோமே, அதைச் செதுக்கியது அதே வெள்ளம்தான். தலைக்கு வெகு உயரத்தில் இடுக்கில் செருகிக்கிடக்கும் மரத்தடிகளை வழிகாட்டி காட்டுவார். நிமிர்ந்து பாருங்கள்.

2024 செப்டம்பர் 19

மானுமென்ட் வேலிக்கு மறுபடி போனேன். இந்த முறை கைக்கடிகாரத்தை நவாஹோ நேரத்துக்கு மாற்றி, ஐந்து மணிக்கே மேடையில் இடம்பிடித்தேன். ஏழு மணிக்கு மேற்கில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்தது. சூரியன் அதற்குள் இறங்கி, வெளியே வரவில்லை. நிழல் விழவில்லை.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு 27 கிலோமீட்டர் மண்சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு குன்றின் அடியில், நிழலின் ஓரத்தில், நாலு குதிரைகள். பக்கத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன், தலையசைத்தார். வெயிலில் கிடந்த செம்மண் கீழிருந்து ஒளியடித்து, வெள்ளைக் குதிரையின் வயிறு முழுவதும் மாதுளை உரித்ததுபோலச் சிவந்திருந்தது. அது வாலால் ஒரு ஈயை ஓட்டியது. நான் முழங்காலிட்டு லென்ஸை 300க்குத் திருப்பினேன். அதே கரகர ஒலி. குதிரை காதை மட்டும் என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.